பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

அறையில் வெளிச்சம் போதவில்லை என்று கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் தீர்வையும் தாங்களே சொல்லிவிடுவார்கள்: “ஜன்னலைப் பெரிசாக்கணும்.” போய்ப் பார்த்தால், ஜன்னல் ஏற்கெனவே போதுமான அளவில்தான் இருக்கும். அது சுவரில் எந்த உயரத்தில் இருக்கிறது, எதிரே என்ன நிற்கிறது, உள்ளே என்ன நிறம் அடித்திருக்கிறது என்ற மூன்றில்தான் கோளாறு இருக்கும். அதனால் கீழே எல்லா இடத்திலும் துடைப்பது, நகர்த்துவது, பெயின்ட் அடிப்பது முதலில் வரும். சுவரை உடைப்பது கடைசியில்தான் வரும்.

கட்டி முடித்த கட்டடத்தை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். உங்கள் வீடோ அலுவலகமோ இன்னும் வரைபடமாகவே இருந்தால் ரொம்ப நல்லது. இதே சோதனைகளைத் தாளிலேயே செய்யலாம், அங்கே சுவரை நகர்த்த ரப்பர் போதும்.

## எதையும் தொடும் முன்

மேகம் முழுக்க மூடியிருக்கும் நாளாகப் பார்த்து, நடுப்பகலில் சோதியுங்கள். வெயில் அடிக்கும் நாளில் எந்த அறையும் ஏதாவது ஒரு நேரத்தில் பளிச்சென்று தெரிந்து ஏமாற்றிவிடும். விளக்குகளை அணைத்து, திரைகளைத் திறந்து வையுங்கள். ஓர் அளவு டேப், ஒரு நாற்காலி, லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) காட்டும் செயலி உள்ள ஒரு ஃபோன், இவை போதும்.

ஃபோன் காட்டும் எண்ணை அப்படியே நம்பக்கூடாது. ஆனால் ஒரே ஃபோனில் அடுத்தடுத்து எடுத்த இரண்டு எண்களின் விகிதத்தை ஓரளவு நம்பலாம். மறைப்பு ஏதும் இல்லாத திறந்த வெளியில் ஒருமுறை அளங்கள். உடனே உள்ளே வந்து, மேசை உயரத்தில் நாலைந்து இடங்களில் அளங்கள். உள்ளே கிடைத்த சராசரி, வெளியே கிடைத்ததில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 5 சதவீதத்தைத் தொட்டால் பகலில் பெரும்பாலும் விளக்கு வேண்டாம். 2-க்குக் கீழே இருந்தால் அறைக்குள் வருகிற எவரும் முதலில் சுவிட்சைத்தான் தேடுவார்கள். அடர்ந்த மேகம் உள்ள நாளில் வெளியே சுமார் 10,000 லக்ஸ் இருக்கும். அதில் 2 சதவீதம் என்பது 200 லக்ஸ். படிக்க, எழுத 300 முதல் 500 வரை வேண்டும்.

## ஜன்னலோரம் வெளிச்சம், உள்ளே போகப் போக இருட்டு

அதிகம் வருகிற புகார் இதுதான். இரண்டு சோதனைகள் போதும்.

முதல் சோதனை அளவு டேப்போடு. தரையிலிருந்து ஜன்னல் கண்ணாடியின் மேல்விளிம்பு வரை எவ்வளவு உயரம் என்று பாருங்கள். அதன் இரண்டு மடங்கு தூரம் வரைதான் பக்கவாட்டு ஜன்னலின் வெளிச்சம் வேலைக்கு ஆகும். எல்லாம் சாதகமாக அமைந்தால் இரண்டரை மடங்கு. மேல்விளிம்பு 2.1 மீட்டரில் இருந்தால், 4.2 மீட்டர் வரை கவலையில்லை, 5 மீட்டரைத் தாண்டினால் கஷ்டம். 7 மீட்டர் ஆழமுள்ள அறையின் பின்பாதி இருண்டு கிடப்பது அந்த அறையின் வடிவக் கோளாறு. ஜன்னலை அகலமாக்கினால் ஜன்னலோரம்தான் இன்னும் வெளிச்சமாகும்.

இரண்டாவது சோதனை நாற்காலியோடு. இருட்டாக இருக்கும் இடத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பாருங்கள். துளியாவது வானம் தெரிகிறதா?

### வானம் தெரிகிறது, ஆனாலும் இருட்டு

வழியில் ஏதோ வெளிச்சத்தைத் தின்கிறது. இந்த வரிசையில் பாருங்கள்.

திரை. ஒதுக்கிவிட்ட திரை கண்ணாடியின் இரு ஓரங்களை மறைக்கும், பெல்மெட் (திரைக் கம்பியை மறைக்கும் பெட்டி) மேல்விளிம்பை மறைக்கும். அறையின் ஆழத்துக்குப் போகும் வெளிச்சம் மேல்பகுதிக் கண்ணாடி வழியாகத்தான் போகிறது, அதை மூடிவைப்பது பெரிய நஷ்டம். திரைக் கம்பியை ஜன்னலின் இருபுறமும் நீட்டி, திரை முழுவதும் சுவர்மேல் ஒதுங்கும்படி செய்யுங்கள். பெல்மெட்டை மேலே ஏற்றுங்கள், இல்லையென்றால் கழற்றிவிடுங்கள்.

அலமாரி. ஜன்னலுக்குப் பக்கத்தில் சுவரிலிருந்து அறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் உயரமான அலமாரி பின்னால் உள்ள எல்லாவற்றையும் நிழலில் போட்டுவிடும். அதைப் பின்சுவருக்கோ ஜன்னல் இருக்கும் சுவருக்கோ மாற்றுங்கள். கூரை வரை போகும் தடுப்பு இருந்தால், மேல் அரை மீட்டரைக் கண்ணாடியாக மாற்றுவது நல்ல பலன் தரும்.

### வானம் தெரியவே இல்லை

அப்படியானால் அந்த இடத்துக்கு வருவதெல்லாம் கூரையிலும் சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பிய வெளிச்சம் மட்டுமே. எனவே நிறம்தான் முதல் மருந்து. நல்ல வெள்ளை பெயின்ட், படும் வெளிச்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். அடர் நீலம், அடர் பழுப்பு போன்றவை 10, 15 சதவீதம்தான். முதலில் கூரை, அடுத்து பின்சுவர், அப்புறம் பக்கச் சுவர்கள். தேக்கு நிறப் பலகை ஒட்டிய கூரையைப் பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஆழமான அறையில் அது கட்டுப்படியாகாது.

அடுத்தது ஃபால்ஸ் சீலிங், அதாவது கூரைக்குக் கீழே தொங்கவிடும் பொய்க்கூரை. அதை ஜன்னலின் மேல்விளிம்பு வரை இறக்கியிருப்பார்கள், சில இடங்களில் விளிம்புக்கும் கீழே. ஏசி குழாயை மறைக்கத்தான் என்றால், குழாய் போகும் பட்டையில் மட்டும் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் எடுத்துவிடுங்கள்.

அதன் பிறகும் இருட்டு என்றால், அறையின் பயன்பாட்டை இடம் மாற்றுங்கள். மேசை முன்னால் வரட்டும். கோப்பு அலமாரியும் சந்திப்பு அறையும் பின்னால் போகட்டும். இதை யாரும் தீர்வாகவே மதிப்பதில்லை என்பது எனக்கு ஆச்சரியம். செலவில்லாமல் இவ்வளவு மாற்றம் தருவது வேறெதுவும் இல்லை.

இவை எதுவும் போதாதபோதுதான் சுவர். அப்போதும் கீழே வெட்ட வேண்டாம். மேசை உயரத்துக்குக் கீழே உள்ள கண்ணாடி தரைக்கு வெளிச்சம் தரும், வெளியே பார்க்க உதவும், மேசைக்குப் பெரிதாக எதுவும் செய்யாது. மேல்விளிம்பை உயர்த்துவது, அல்லது எதிர்ப்பக்கச் சுவரில் உயரத்தில் ஒரு நீள ஜன்னல் வைப்பது, இந்த இரண்டும்தான் உள்வரை எட்டும்.

இங்கே நிறுத்துங்கள்: ஜன்னலின் மேல்விளிம்பை உயர்த்துவது என்றால் லிண்டலை, அதாவது ஜன்னலுக்கு மேலே உள்ள தாங்கு விட்டத்தைத் தொடுகிறீர்கள். அதன் மேல் சுவரின் எடை இருக்கிறது, பல கட்டடங்களில் அது கட்டடத்தைச் சுற்றிவரும் கான்கிரீட் பட்டையின் ஒரு பகுதி. கட்டமைப்புப் பொறியாளர் நேரில் பார்க்காமல் உளி எடுக்கக் கூடாது. “பார்த்துக்கலாம் சார், ஒண்ணும் ஆகாது” என்று கொத்தனார் சொல்வது பதிலாகாது.

## ஜன்னலோரமும் சேர்த்து அறை முழுக்க மங்கல்

### கண்ணாடியைப் பார்க்கவும்

ஒரு கண்ணாடிப் பலகையில் பாதியை மட்டும், உள்ளும் புறமும் நன்றாகத் துடையுங்கள். இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். கோடு போட்டது போல வித்தியாசம் தெரிந்தால், மீதியையும் துடைத்துவிட்டு மறுபடி அளங்கள். பலருடைய பிரச்சினை இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

அடுத்தது கொசுவலை. வலையோடு ஓர் அளவு, வலையை நகர்த்திவிட்டு ஓர் அளவு. நெருக்கமான வலை, அதிலும் தூசி படிந்தது, வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை எடுத்துக்கொள்ளும். திறக்காத கண்ணாடிக்கு வலையே தேவையில்லை. திறக்கும் கதவுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கண்ணாடியின் நிறம். ஜன்னலைப் பாதி திறந்து, ஒரு வெள்ளைத் தாளை வெளியே பிடியுங்கள். தாளின் ஒரு பாதியைக் கண்ணாடி வழியாகவும் மறுபாதியை நேரடியாகவும் பாருங்கள். சாதாரணத் தெளிந்த கண்ணாடி சுமார் 88 சதவீத வெளிச்சத்தை உள்ளே விடும். நிறக்கண்ணாடி பாதியைத் தடுக்கலாம். முகம் பார்க்கும் கண்ணாடி போல மின்னும் ஃபிலிம் ஒட்டியிருந்தால் ஐந்தில் ஒரு பங்குகூட உள்ளே வராமல் போகலாம். ஃபிலிமை உரித்துவிடலாம். நிறம் கண்ணாடியிலேயே இருந்தால் கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும்.

### வெளியே பார்க்கவும்

கண்ணாடி சரியாக இருந்தால் எதிர்க் கட்டடத்தைக் கவனியுங்கள். ஃபோனில் கோணம் அளக்கும் செயலியைத் திறந்து, ஜன்னலின் நடு உயரத்தில் பிடித்து, எதிர்க் கட்டடத்தின் உச்சியைக் குறிபாருங்கள்.

கிடைமட்டத்திலிருந்து அந்த உச்சி 25 டிகிரிக்குள் இருந்தால் எதிர்க் கட்டடம் குற்றவாளி இல்லை. 25-லிருந்து 45 வரை என்றால் சாதாரண ஜன்னல் போதாது, பெரிதாக வேண்டும், அறை ஆழமும் குறைய வேண்டும். 45-லிருந்து 65 வரை என்றால் சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்தாலும் திண்டாட்டம்தான். 65-ஐத் தாண்டினால் அந்த ஜன்னலை நம்பிப் பணம் போடாதீர்கள். அங்கே படுக்கையறையோ பொருள் வைக்கும் அறையோ இருக்கட்டும், உட்கார்ந்து வேலை செய்யும் அறை வேறு பக்கம் போகட்டும். வரைபடம் போடுகிறவர்கள் இந்தக் கோணத்தை எல்லா மாடிக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மூன்றாம் மாடிக்குச் சரியாக இருப்பது தரைத்தளத்துக்குச் சரியாக இருக்காது.

எதிரே நிற்பது உங்கள் மதில்தான் என்றால் வெள்ளையடியுங்கள். அதற்கு மேல் எளிய வழி கிடையாது.

மேலே பால்கனியோ அகலமான சன்ஷேடோ நீட்டிக்கொண்டிருந்தால், அதுவும் வானத்தை வெட்டும். கீழிருந்து எதிர்க் கட்டடமும் மேலிருந்து பால்கனியும் நெருக்கும்போது நடுவே ஒரு கீற்று வானம்தான் மிஞ்சும். பால்கனியின் அடிப்பக்கத்தையும் தரையையும் வெளிர் நிறமாக்குங்கள். கைப்பிடிச் சுவர் திறப்பே இல்லாததாக இருந்தால், கம்பிக் கைப்பிடியாக மாற்ற முடியுமா என்று பாருங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்லாபில் கொஞ்சம் வெட்டிவிடலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். அதைத் தாங்கும் கம்பிகள் மேல்பக்கத்தில் ஓடுகின்றன, வெட்டலாமா என்பதைப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

### பரப்பைக் கணக்கிடவும்

இது கடைசியில்தான் வர வேண்டும். சட்டத்தையும் கிரில்லையும் விட்டுவிட்டுக் கண்ணாடியின் பரப்பை மட்டும் அளந்து, தரைப் பரப்போடு ஒப்பிடுங்கள். பல கட்டட விதிகள் கேட்கும் குறைந்தபட்சம் தரைப் பரப்பில் 8 அல்லது 10 சதவீதத்தை ஒட்டியிருக்கும். அது விதியைத் திருப்திப்படுத்தும் அளவு, கண்ணைத் திருப்திப்படுத்தும் என்று சொல்ல முடியாது. தடிமனான சட்டங்கள் திறப்பில் கால்பங்கை விழுங்குவதுண்டு. சட்டத்தை மட்டும் மெல்லியதாக மாற்றினால் போதுமா என்று பார்த்துவிட்டுப் பிறகு சுவருக்குப் போங்கள்.

## முன்பு வெளிச்சமாக இருந்தது, இப்போது இல்லை

ஏதோ மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மரம் வளர்ந்திருக்கும், பக்கத்தில் கட்டடம் எழுந்திருக்கும், சுவரின் நிறம் மாறியிருக்கும். மரத்தை வெட்டத் தேவையில்லை. ஜன்னலுக்கு நேரே உள்ள கீழ்க்கிளைகளைக் கழித்தால் போதும், மேற்கவிகை நிழலுக்கு இருக்கட்டும்.

கூரையில் பாலிகார்பனேட் ஷீட் (வெளிச்சம் விடும் பிளாஸ்டிக் தகடு) போட்டிருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அது மஞ்சளாகும், மங்கும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு உள்ள பக்கம் வெளியே பார்க்க வேண்டும், புரட்டிப் போட்டிருந்தால் சீக்கிரமே கெட்டுவிடும். மஞ்சளான ஷீட்டைத் துடைத்து மீட்க முடியாது. புதிது மாட்டும்போது பாதுகாப்புத் தாளில் எந்தப் பக்கம் வெளியே என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு உரியுங்கள்.

## வெளிச்சம் இருக்கிறது, கண் கூசுகிறது

எப்போது கூசுகிறது என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

### மேகமான நாளிலும் கூசுகிறது

இருண்ட சுவரில் ஒற்றைப் பிரகாசமான ஜன்னல் இருக்கிறது என்று அர்த்தம். பிரகாசம் அதிகம் என்பதைவிட வித்தியாசம் அதிகம் என்பதுதான் இங்கே சிக்கல். ஜன்னல் இருக்கும் சுவரின் உள்பக்கம், சட்டம், கிரில் மூன்றையும் வெளிர் நிறமாக்குங்கள். கறுப்பு கிரில் இப்போது எங்கும் போடுகிறார்கள், கூசும் அறைக்கு அது ஆகாது. சுவர் தடிமனாக இருந்தால், திறப்பின் உள்விளிம்புகளைச் சாய்வாக விரித்துப் பூசலாம். வெளிச்சம் படிப்படியாகக் குறைந்து கண்ணுக்கு இதமாக இருக்கும். புதிதாகக் கட்டுகிறவர்கள் முடிந்தவரை ஒவ்வொரு முக்கிய அறைக்கும் இரண்டு பக்கம் ஜன்னல் கொடுங்கள். கூசலும் நிழலும் ஒன்றாகத் தணியும்.

### காலையிலோ மாலையிலோ மட்டும் கூசுகிறது

கிழக்கு, மேற்கு ஜன்னல்களில் சூரியன் தாழ்வாக, நேராக உள்ளே நுழைகிறது. சன்ஷேடை எவ்வளவு நீட்டினாலும் அது தடுக்காது, ஏனென்றால் வெயில் அதன் அடியில் புகுந்து வருகிறது. செங்குத்தான தடுப்புப் பட்டைகள், வெளிப்பக்கம் இறக்கி ஏற்றும் திரை, ஒரு மரம், இவற்றில் ஏதாவது ஒன்று வேண்டும். நகர்த்தக் கூடியதே சிறந்தது. நிலையான பட்டை இரண்டு மணி நேரப் பிரச்சினைக்காக நாள் முழுக்க வெளிச்சத்தைத் தடுத்துக்கொண்டு நிற்கும்.

### உச்சிவெயிலில் கூசுகிறது

இதற்குத்தான் சன்ஷேடு. உயரத்தில் இருக்கும் சூரியனைக் குறைந்த நீளமே மறைத்துவிடும்.

### கணினித் திரையில் மட்டும்

மேசையைத் திருப்புங்கள். ஜன்னல் உங்கள் பக்கவாட்டில் இருக்க வேண்டும். எதிரே இருந்தால் கண் கூசும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் தெரியும். மேசையைத் திருப்பாமல் பிளைண்ட் வாங்குகிறவர்கள் அதை மூடியே வைத்திருப்பார்கள்.

உள்ளே வெளிச்சத்தை எறிய லைட் ஷெல்ஃப் வைக்கலாமா என்று கேட்பார்கள். கண் மட்டத்துக்கு மேலே, கண்ணாடியின் குறுக்கே படுக்கையாக வைக்கும் பலகை அது. மேலே விழும் வெயிலைக் கூரைக்குத் திருப்பும், கீழே ஜன்னலோரத்தில் நிழல் தரும். வெயில் நேரடியாகப் படும் பக்கத்தில், ஆழமான அலுவலகத்தில், கூரையும் உயரமாக இருந்தால் நல்ல ஏற்பாடு. மேகமூட்டத்தில் பெரிய பலன் இல்லை. மேல்பக்கம் தூசி படியும், யாரும் துடைக்க மாட்டார்கள். வீட்டுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

## வெளிச்சத்தோடு சூடும் வருகிறது

உள்பக்கத் திரை கூசலைத்தான் குறைக்கும். வெயில் கண்ணாடியைத் தாண்டிய பிறகு சூடு ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டது. தடுப்பு வெளியே இருக்க வேண்டும்.

மேற்கு ஜன்னல்களில் தொடங்குங்கள். பகல் முழுக்கச் சூடேறிய கட்டடத்தின் மேல் கடைசியாக அவைதான் இன்னும் கொட்டுகின்றன. கட்டும் முன் என்றால், பெரிய ஜன்னல்களை வடக்கிலும் தெற்கிலும் வையுங்கள். பூமத்திய ரேகைக்கு நன்றாக வடக்கே உள்ள இடங்களில் வடக்கு ஜன்னலும், நன்றாகத் தெற்கே உள்ள இடங்களில் தெற்கு ஜன்னலும் சீரான, நிழல் குறைந்த வெளிச்சம் தரும். ரேகைக்கு அருகில் இரண்டு பக்கமும் மாறி மாறி வெயில் வரும், ஆனால் நடுப்பகலில் உயரத்திலிருந்து வருவதால் சன்ஷேடு சமாளித்துவிடும்.

கண்ணாடி மாற்றுவதாக இருந்தால் கடைக்காரரிடம் இரண்டு எண்கள் கேளுங்கள்: எவ்வளவு வெளிச்சம் உள்ளே விடும், எவ்வளவு சூரிய வெப்பம் உள்ளே விடும். சாதாரணக் கண்ணாடியில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. முதல் எண் பெரிதாகவும் இரண்டாவது சிறிதாகவும் இருப்பதுதான் உங்களுக்கு வேண்டும். வெறுமனே கறுப்பாக இருப்பது வெளிச்சத்தைக் கொன்றுவிட்டு, தானும் சூடேறி நிற்கும்.

இங்கே கேட்டுக்கொள்ளுங்கள்: இரட்டைக் கண்ணாடியில் (நடுவே இடைவெளி விட்டு இரண்டு பலகை சேர்த்தது) ஃபிலிம் ஒட்டும் முன் கண்ணாடி தயாரிப்பாளரிடம் விசாரியுங்கள். வெப்பத்தை உறிஞ்சும் ஃபிலிம் கண்ணாடியைச் சீரில்லாமல் சூடாக்கி விரிசல் விழச் செய்யலாம்.

## வெளிச்சுவரே இல்லாத இடம்: நடைவழி, படிக்கட்டு, குளியலறை

சுற்றியுள்ள அறைக் கதவுகளை எல்லாம் திறந்து வைத்துப் பாருங்கள். நடைவழி உடனே தெளிகிறதா? அப்படியானால் கூரையைத் தொடவே வேண்டாம். கதவுக்கு மேல் ஒரு கண்ணாடி, அல்லது கதவுப் பலகையில் மங்கலான கண்ணாடி வைத்தால் காரியம் முடிந்தது.

தெளியவில்லை, நடுவே வெளிச்சத்துக்காக விட்ட திறந்த குழி இருக்கிறது என்றால், அதன் சுவர்களுக்கு வெள்ளையடியுங்கள். குழாய்கள், பழைய சாமான்களை அகற்றுங்கள். குறுகலாக, ஆழமாக இருக்கும் குழியில் கீழ்த்தளத்துக்கு வெளிச்சம் சொற்பமே. வரையும்போதே கீழ்மாடிக்குப் பெரிய ஜன்னலும் மேல்மாடிக்குச் சிறியதும் கொடுங்கள். எல்லா மாடிக்கும் ஒரே அளவு ஜன்னல் என்பது வரைகிறவருக்கு வசதி, கீழே குடியிருப்பவருக்கு இருட்டு.

மேலே நேராகக் கூரை இருந்தால் ஸ்கைலைட், அதாவது கூரையில் வைக்கும் கண்ணாடித் திறப்பு. மேகமான நாளில் அதே அளவு சுவர் ஜன்னலைவிட இரண்டு மூன்று மடங்கு வெளிச்சம் தரும். அதனால்தான் கேட்பவர்கள் நினைப்பதைவிடச் சிறிதாக வைக்க வேண்டும். தரைப் பரப்பில் 3 முதல் 5 சதவீதம் போதும். அதற்கு மேல் போனால் உச்சிவெயிலில் அறை அடுப்பாகிவிடும். துளையின் பக்கங்களை வெள்ளையாக, கீழ்நோக்கி விரிந்ததாக அமையுங்கள். தலைக்கு மேல் வைப்பது லேமினேட்டட் கண்ணாடியாகவே இருக்கட்டும், உடைந்தாலும் நடுவே உள்ள படலம் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். படுக்கையாக உள்ள கண்ணாடியில் அழுக்கு வேகமாகச் சேரும், துடைக்க வழி இருக்கிறதா என்று மாட்டும் முன்பே யோசியுங்கள்.

கூரைக்கும் அறைக்கும் நடுவே இடைவெளி இருந்தால் ஒளிக்குழாய் (உள்ளே மின்னும் பூச்சு உள்ள, வெளிச்சத்தைக் கீழே கொண்டுவரும் குழாய்) பொருந்தும். குட்டையாக, நேராக இருப்பதே நன்றாக வேலை செய்யும். ஒவ்வொரு வளைவும் வெளிச்சத்தைத் தின்னும்.

தொழில் தெரிந்தவர்களிடம் விடவேண்டிய இடம்: ஸ்லாபில் துளை போடுவது பொறியாளர் வேலை, துளையைச் சுற்றி நீர் கசியாமல் அடைப்பது அதற்கென்றே உள்ளவர் வேலை. இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்து மிச்சம் பிடிப்பது மழைக்காலத்தில் தெரிந்துவிடும்.

## அளவு சரியாக இருக்கிறது, ஆனாலும் பகலெல்லாம் விளக்கு எரிகிறது

ஒரு சுவிட்ச் போட்டால் எத்தனை விளக்குகள் எரிகின்றன என்று பாருங்கள். ஜன்னலோர வரிசையும் உள்வரிசையும் ஒரே சுவிட்சில் இருந்தால், உள்ளே இருப்பவருக்காக எல்லாம் எரியும். ஜன்னலுக்கு இணையாக வரிசை வரிசையாகப் பிரிக்க எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், ஒயரிங் வேலையை நீங்களே செய்ய வேண்டாம்.

தானியங்கி சென்சார் இருந்து விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது என்றால், சென்சார் தன் விளக்கையே பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். அதை மேசையின் மேல் விழும் வெளிச்சத்தைப் பார்க்கும்படி திருப்பி, அல்லது இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள்.

சுவிட்சும் சென்சாரும் சரியாக இருந்தால் பிளைண்டைப் பாருங்கள். என்றோ ஒரு காலையில் கூசியது என்று இறக்கியிருப்பார்கள், பிறகு யாரும் ஏற்றவே இல்லை. பிளைண்டை இரண்டாகப் பிரித்து மாட்டுங்கள்: கண் மட்டத்துக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று. கீழ்ப்பாதி மூடியிருந்தாலும் மேல்பாதி வழியே உள்ளே வெளிச்சம் போகும். அப்படியும் மேலே உள்ளதையும் சேர்த்து மூடுகிறார்கள் என்றால் கூசல் தீரவில்லை. மேலே ‘கண் கூசுகிறது’ என்ற பகுதிக்குத் திரும்பிப் போய், எந்த நேரத்தில் கூசுகிறது என்று அங்கே உட்காருகிறவரிடமே கேளுங்கள்.